ஒவ்வொரு சொல்லும் தெரிந்தும் ஆங்கில ஜோக் ஏன் பிடிபடுவதில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையிலிருந்தபடி ஓர் இங்கிலாந்து நிறுவனத்துக்கு வேலை செய்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதவோ பேசவோ உங்களுக்குத் தடையில்லை. சென்ற வாரம் காணொளிக் கூட்டத்தில் ஒருவர், தாம் புவியீர்ப்பை முறியடிப்பது பற்றி ஒரு புத்தகம் படித்துவருவதாகவும் அது 'இம்பாசிபிள் டு புட் டவுன்' என்றும் சொன்னார். மற்றவர்கள் சிரிக்காமல் பல்வலிக்காரர்களைப் போல முனகினார்கள். நீங்கள் புத்தகத்தின் பெயரைக் கேட்டீர்கள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். 'பன்' என்பது நம்முடைய சிலேடைதானா, ஆங்கில வார்த்தை விளையாட்டெல்லாம் அதில் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் அந்த நொடியில் ஏன் பிடிபடவில்லை என்பதுதான் அது.

முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரு நகைச்சுவையைக் கேட்கும்போது மூளையில் என்ன நிகழ்கிறது என்பது என் துறையன்று. மொழி எப்படி இயங்குகிறது என்பதையும் வகுப்பறையில் கண்டதையும்தான் என்னால் சொல்ல முடியும்.

உங்கள் எடுத்துக்காட்டிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'புவியீர்ப்பை முறியடிப்பது பற்றி ஒரு புத்தகம் படிக்கிறேன், கீழே வைக்கவே முடியவில்லை.' நாமும் சுவையான நூலைக் கீழே வைக்க முடியவில்லை என்றுதான் சொல்கிறோம். ஆகவே அந்த ஜோக் புரியாததற்கு உங்கள் ஆங்கிலம் காரணமாக இருக்க முடியாது. அலுவலகத்தில் ஆங்கிலம் நமக்குச் செய்தியைக் கொண்டுவரும் வண்டி. செய்தியை இறக்கிக்கொண்டதும் வண்டியை அனுப்பிவிடுகிறோம். 'புட் டவுன்' என்றதும் 'நல்ல புத்தகம் போலிருக்கிறது' என்ற செய்தியை எடுத்துக்கொண்டு, சொல்லின் நேர்ப்பொருளைத் தள்ளிவிட்டீர்கள். தாய்மொழியில் அப்படித் தள்ளிய பொருளும் அருகிலேயே நின்றுகொண்டிருக்கும், கூப்பிட்டால் வரும். இது ஆய்வு முடிவன்று, என் அனுபவத்தில் எட்டிய கணிப்பு மட்டுமே. ஆனால் இதன் மறுபாதியை உறுதியாகவே சொல்வேன்: நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள், ஆங்கிலச் சிலேடையோ பெரும்பாலும் காதுக்குரியது.

இதை ஒரு நாள் வகுப்பிலேயே கண்டேன். ஹிலேர் பெலாக் என்ற எழுத்தாளர் தம் கல்லறைக்கு எழுதிவைத்ததைப் போன்ற இரண்டு வரிகள் உண்டு: தாம் இறந்தபின், 'இவருடைய பாவங்கள் செக்கச்சிவந்தவை, ஆனால் இவருடைய புத்தகங்கள் வாசிக்கப்பட்டன' என்று உலகம் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் கருத்து. ஆங்கில மூலத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். அறுபது பேர் இருந்த வகுப்பில் ஒரு முகத்திலும் அசைவில்லை. பிறகு வாய்விட்டு வாசித்தேன்: 'ஹிஸ் சின்ஸ் வேர் ஸ்கார்லெட், பட் ஹிஸ் புக்ஸ் வேர் ரெட்.' மூன்றாம் வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதன் பிறகு சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பலகையில் இருந்த கடைசிச் சொல்லை மற்றவர்கள் மனத்துக்குள் 'ரீட்' என்று வாசித்திருக்கிறார்கள். 'ரெட்' என்று காதில் விழுந்தபோதுதான் வாசிப்பும் சிவப்பும் ஒன்றாக வந்து நின்றன. பாவத்துக்குச் சிவப்பு நிறம் தருவது விவிலியத்தில் ஏசாயாவின் நூலிலிருந்து வருகிறது என்பது அடுத்த படி. அது தெரியாவிட்டாலும் சிரிக்கலாம்.

ஆங்கிலத்தில் இப்படி ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் சொற்கள் இத்தனை இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் திரளாக நுழைந்தன. அவற்றிற் பல, முன்பே இருந்த சொற்களோடு ஒலியில் முட்டிக்கொண்டன. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோக, உச்சரிப்பு மட்டும் நிற்காமல் ஓடியது. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் நெடில் உயிரொலிகள் எல்லாமே இடம்பெயர்ந்தன. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸரின் காலத்தில் வெவ்வேறாக ஒலித்த இறைச்சி என்ற சொல்லும் சந்திப்பு என்ற சொல்லும் இன்று ஒரே 'மீட்' ஆகிவிட்டன. குதிரைவீரனைக் குறிக்கும் சொல்லின் முதலில் உள்ள ககர ஒலியும் நடுவில் இருந்த ஹகர ஒலியும் தேய்ந்து மறைந்ததால், அவனும் இரவும் 'நைட்' என்ற ஒரே ஒலிக்குள் வந்துவிட்டார்கள். இந்தச் சொற்களை நான் தமிழ் எழுத்தில் எழுதும்போது வேறுபாடே தெரியாமல் போகிறது, கவனித்தீர்களா? ஆங்கிலேயர் காதில் நிகழ்வது ஏறக்குறைய இதுதான். தாமஸ் ஹூட் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒரு வேடிக்கைப் பாட்டை இப்படி முடிக்கிறார்: 'தே வென்ட் அண்ட் டோல்ட் த செக்ஸ்டன், அண்ட் த செக்ஸ்டன் டோல்ட் த பெல்.' முதல் 'டோல்ட்' சொன்னார்கள் என்பது. இரண்டாவது, கோயில் பணியாளர் சாவுமணி அடித்தார் என்பது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் எழுத்து வேறு.

இங்கே நமக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு. நாம் எழுத்தில் கண்ட ரகரத்தையெல்லாம் உச்சரிப்பவர்கள். தென் இங்கிலாந்தின் பொதுவழக்கு, உயிரொலி பின்தொடராத ரகரத்தை விழுங்கிவிடும். லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில், கடலில் வாழ்ந்த ஆமை ஆசிரியரை ஏன் நில ஆமை என்று அழைத்தீர்கள் என்று ஆலிஸ் கேட்கிறாள். 'அவர் எங்களுக்குக் கற்பித்ததால்' என்று பதில் வருகிறது. நம் வாயில் ஆமை 'டார்டாய்ஸ்', கற்பித்தது 'டாட் அஸ்'. இரண்டும் சந்திக்க வழியே இல்லை. கரோலின் வாயில் இரண்டுமே ஏறத்தாழ 'டோட்டஸ்'. இந்தப் பகுதியைப் பாடமாகப் படித்த நாளில் நானும் இதில் ஒன்றையும் காணவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகள் கழித்து ஓர் ஒலிப்பதிவில் கேட்டபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்கு எதிர்த்திசையிலும் போகலாம். பழைய சிலேடைகளைச் சான்றாக வைத்து அக்கால உச்சரிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள் மொழியியலார். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதற்பகுதியில் ஃபால்ஸ்டாஃப் என்ற பாத்திரம், காரணங்கள் பிளாக்பெரிப் பழம்போல மலிந்து கிடந்தாலும் கட்டாயப்படுத்தினால் ஒருவனுக்கும் தர மாட்டேன் என்கிறது. காரணத்துக்கும் பழத்துக்கும் என்ன தொடர்பு? காரணத்தைக் குறிக்கும் 'ரீசன்' அன்று உலர்திராட்சையின் 'ரெய்சின்' போலவே ஒலித்தது. இது நன்கு நிலைபெற்ற விளக்கம். ஆனால் ஷேக்ஸ்பியரில் சிலேடை தேடப் புறப்பட்டவர்கள் எல்லா வரியிலும் ஒன்றைக் கண்டுவிடுவதும் உண்டு. ஒலி பொருந்துகிறது என்பதற்காகவே அவர் அதை நினைத்து எழுதினார் என்று ஆகிவிடாது. வசனத்தின் போக்கு அந்த இரண்டாம் பொருளைக் கேட்டு நிற்கிறதா என்று பார்த்தே நான் ஏற்பேன்.

இனி, பன் என்பது சிலேடைதானா என்ற கேள்வி. அடிப்படையில் ஆம், அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பிரிவுகூட அதற்கு அழகாகப் பொருந்துகிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. ரோமியோ ஜூலியட் நாடகத்தில் குத்துப்பட்டுச் சாகும் மெர்குஷியோ, 'நாளை என்னைத் தேடுங்கள், நான் ஒரு கிரேவ் மனிதனாக இருப்பேன்' என்கிறான். அந்தச் சொல்லுக்குக் கல்லறை என்றும் பொருள், சிரிப்பை விட்டுக் கனத்த முகத்தோடிருப்பது என்றும் பொருள். நாடகம் முழுதும் விளையாட்டாகவே பேசித் திரிந்தவன் அவன் என்பதால் அந்த வரி வலிக்கிறது; ஆங்கிலச் சிலேடை சிரிப்புக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பிரித்தும் சேர்த்தும் பொருள் கொள்வது பிரிமொழிச் சிலேடை. அமெரிக்காவில் 1936இல் பெரும் பித்தாகவே பரவிய 'நாக் நாக்' ஜோக்குகளில் பாதி இந்த வகைதான்: கதவைத் தட்டியவர் தம் பெயர் 'லெட்டஸ்' என்கிறார், எந்த லெட்டஸ் என்று கேட்டால் 'லெட் அஸ் இன்' என்கிறார். கீரையின் பெயர் பிரிந்து, எங்களை உள்ளே விடுங்கள் என்று ஆகிவிடுகிறது. வேறுபாடு எங்கே என்றால், காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடியதுபோல ஒரு வெண்பா முழுவதையும் இரு பொருளில் நடத்திக் காட்டுவது நம் மரபில் புலமைக்குச் சான்று. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே சொல், ஓரிடம், சட்டென்று முடிந்துவிடும்.

எல்லா வார்த்தை ஜோக்கும் பன் ஆகாது. சொல்லில் அல்லாமல் வாக்கிய அமைப்பில் இரு பொருள் ஒளிந்திருப்பது ஒரு பெருவகை. 1930இல் வந்த ஒரு படத்தில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ் பேசும் வசனம்: 'ஒரு நாள் காலையில் ஐ ஷாட் அன் எலிஃபண்ட் இன் மை பஜாமாஸ். அது எப்படி என் பைஜாமாவுக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது.' பைஜாமாவில் இருந்தது சுட்டவரா யானையா என்பதை ஆங்கில இலக்கணம் சொல்லவில்லை. 'பைஜாமா அணிந்தபடி யானையைச் சுட்டேன்' என்று மாணவர்கள் மொழிபெயர்த்தால் வினையெச்சம் வந்து குட்டை உடைத்துவிடும். 'பைஜாமாவோடேயே ஒரு யானையைச் சுட்டேன். யானைக்கு யார் பைஜாமா போட்டுவிட்டது என்றுதான் தெரியவில்லை' என்று ஒரு மாணவன் எழுதிக் கொடுத்தான். மூலத்துக்குச் சற்று விலகியதுதான், ஆனாலும் முழு மதிப்பெண் போட்டேன். மாறாக, 'டைம் ஃப்ளைஸ் லைக் அன் ஏரோ. ஃப்ரூட் ஃப்ளைஸ் லைக் எ பனானா' என்பதை எவராலும் தமிழாக்க முடியும் என்று தோன்றவில்லை. முதற்பாதியில் காலம் அம்புபோலப் பறக்கிறது; இரண்டாம் பாதியில் பழ ஈக்களுக்கு வாழைப்பழம் பிடிக்கும். பறத்தலும் ஈக்களும் ஒரே சொல், 'போல' என்பதும் 'பிடிக்கும்' என்பதும் ஒரே சொல். பழைய ஆங்கிலத்தில் இருந்த விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துபோனதால் பெயரும் வினையும் ஒரே உடையில் நடமாடுகின்றன. வேற்றுமை உருபும் வினைமுற்றும் உள்ள தமிழில் அப்படி ஒளிந்துகொள்ள இடம் குறைவு. இந்த ஈ ஜோக்கையும் குரூச்சோவே சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அதற்கு நம்பத்தக்க சான்றில்லை.

சொல் தடுமாற்றத்தில் பிறக்கும் சிரிப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஷெரிடனின் 1775ஆம் ஆண்டு நாடகத்தில் வரும் மிஸஸ் மாலப்ராப், ஒருவரைப் பண்பின் சிகரம் என்று புகழ நினைத்து, 'பினக்கிள்' வராமல் 'பைனாப்பிள்' என்று சொல்லிவிடுகிறார். அவர் பெயராலேயே அந்த வகைக்கு மாலப்ராபிசம் என்று பெயர். முதலெழுத்துகளை இடம்மாற்றி உளறுவது ஸ்பூனரிசம். ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் 1903 முதல் 1924 வரை தலைவராக இருந்த வில்லியம் ஸ்பூனரின் பெயர் அதற்கு வந்தது. அவர் பெயரில் வழங்கும் உளறல்களில் பெரும்பாலானவை மாணவர்கள் கட்டிவிட்டவை.

இப்படி யாரோ கட்டியது வேறொருவர் தலையில் ஏறுவது இத்துறையில் வழக்கம். அதில் நமக்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. சர் சார்லஸ் நேப்பியர் 1843இல் சிந்துவை வென்றதும் 'பெக்காவி' என்ற ஒற்றைச் சொல்லைத் தந்தியாக அனுப்பினார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். லத்தீனில் அதற்கு 'நான் பாவம் செய்தேன்' என்று பொருள், ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் சின்ட்', அதாவது 'சிந்து என் கையில்'. நேப்பியர் அப்படி எதையும் அனுப்பவில்லை. இந்தியாவில் அப்போது தந்திச் சேவையே தொடங்கியிருக்கவில்லை. பதின்வயதுப் பெண்ணான கேத்தரின் விங்க்வொர்த் இதைப் புனைந்து 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழுக்கு அனுப்ப, 1844இல் அது அச்சேறியது. பின்னாளில் ஜெர்மானியப் பாமாலைகளை ஆங்கிலமாக்கிப் புகழ்பெற்றவர் இதே கேத்தரின்தான். ஒரு லத்தீன் சொல்லை மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, பிறகு அதையும் காதால் மாற்றிக் கேட்டால்தான் புரியும் சிலேடையை ஒரு பதின்வயதுப் பெண் செய்திருக்கிறாள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. படைத்தலைவரின் பெயர் கம்பீரமாக இருந்ததால் அவளுடைய பெயர் பாடநூல்களிலிருந்து நழுவிவிட்டது.

இனி அந்த முனகல். ஆங்கிலேயருக்குத் தங்கள் சிலேடையைப் பற்றி நெடுங்காலமாகவே இரு மனம். கட்டுரையாளர் ஜோசப் அடிசன் 1711இல் ஒரு சோதனை வகுத்தார்: ஒரு நயத்தை வேறு மொழியில் பெயர்த்துப் பாருங்கள், தாங்கினால் அது உண்மையான நயம், கரைந்துபோனால் வெறும் பன். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் 1765இல், ஷேக்ஸ்பியருக்குச் சிலேடை ஒரு கிளியோபாட்ரா என்றும், அவளுக்காக உலகையே இழந்து அதில் மனநிறைவும் அடைந்தார் என்றும் எழுதினார். எதிர்க்கட்சியில் கட்டுரையாளர் சார்லஸ் லாம் நிற்கிறார். மிக மோசமான சிலேடையே மிக நல்லது என்று வாதாடிய அவர், சிலேடை என்பது அறிவைக் கூச வைக்கும் இறகன்று, காதருகே வெடிக்கும் கைத்துப்பாக்கி என்றார். நான் லாம் பக்கம். அடிசனின் சோதனையை அப்படியே ஏற்றால் காளமேகத்தையும் தூக்கி எறிய வேண்டியிருக்கும். உங்கள் சக ஊழியரின் புத்தக ஜோக்கோ தமிழில் பழுதின்றி வந்து தேறிவிடுகிறது. இதற்காக அதைக் காளமேகத்துக்கு மேலே வைக்க முடியுமா?

ஆகவே அந்த முனகல் வெறுப்பன்று. இவ்வளவு எளிய வலையில் என்னை விழ வைத்துவிட்டாயே என்ற பொய்க்கோபம் அது. சொன்னவருக்குக் கைதட்டலுக்குச் சமம். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் விருந்தில் இழுத்துப் பிரிக்கும் காகிதப் பொதிகளுக்குள் வேண்டுமென்றே மட்டமான ஜோக்கை அச்சிட்டு வைப்பது வழக்கம். ஒருவர் வாசிக்க, மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முனகுவதற்காகவே அது இருக்கிறது.

இதைக் கற்க முடியுமா என்றால், பெரும்பகுதி முடியும். அகராதியில் பொருளோடு ஒலிக்குறிப்பையும் பாருங்கள். நாளிதழின் தலைப்புகளைத் தனிமையில் வாய்விட்டு வாசியுங்கள், பிரிட்டிஷ் இதழ்களின் விளையாட்டுப் பக்கத் தலைப்புகளில் பாதி சிலேடைதான். யாரேனும் முனகினால் அதற்குச் சற்றுமுன் சொல்லப்பட்ட வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழமொழிகளையும் நிலைத்தொடர்களையும் தெரிந்துவைத்திருப்பது சொல்வளத்தைவிட உதவும். தொழிலாளர் வர்க்கத்தின் சாபம் குடி என்ற பழைய வாசகம் தெரிந்தால்தான், ஆஸ்கார் வைல்டின் பெயரில் வழங்கும் 'குடிகார வர்க்கத்தின் சாபம் தொழில்' என்ற புரட்டல் சிரிப்பு மூட்டும். அமெரிக்க மேடைப் பேச்சாளர்களின் இன்றைய நகைச்சுவையும் இளையோரின் இணையக் கொச்சையும் எனக்கே பாதிதான் எட்டுகின்றன. அவற்றுக்கு அந்தந்த ஊரில் அந்தந்த ஆண்டில் வாழ்ந்திருக்க வேண்டும்.

புத்தகத்தின் பெயரைக் கேட்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அப்படி ஒரு ஜோக்குக்கு முகம் மாறாமல் 'யார் எழுதியது?' என்று கேட்பது அவர்கள் நாட்டில் தேர்ந்த நகைச்சுவையாளர்கள் பயின்று செய்கிற வேலை. உங்கள் அலுவலகத்தார் நீங்கள் அதை வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். அவர்களை நீங்கள் திருத்த வேண்டாம் என்பேன்.